வண்டி நிற்கிற இடம்

போனை உயர்த்துவதற்கு முன் பரமசிவம் அந்த வீட்டிலிருந்து தன்னை எடுத்துவிடுவார். முதலில் தறிக்குப் பின்னால் சுவரில் அடித்திருக்கும் ஆணியிலிருந்து சட்டையைக் கழற்றி மடித்து அக்குளில் இடுக்கிக்கொள்வார். அடுத்து, கண்ணாடிக்குப் பக்கத்தில் இருக்கும் சவர சாமான்கள். பிறகு வாசற்படியில் கிடக்கும் பெரிய செருப்பு. அதைக் காலாலேயே தள்ளி ஓரத்துச் சாக்குக்கு அடியில் செருகுவார். கடைசியாகத் தன் நிழலைத் தேடுவார். காலை வெயில் வாசல் வழியாகத் தறிமேல் விழும்போதுதான் ஜரிகை மின்னும். அதே வெயில்தான் அவர் நிழலையும் கொண்டுவந்து புடவைமேல் போடும். ஓரடி தள்ளி நின்று, நிழல் படத்தை விட்டு வெளியே போய்விட்டதா என்று பார்த்துக்கொண்டபின், “ம், ஓட்டு கமலா” என்பார். இருமல் வந்தால் விழுங்கிக்கொள்வார்.

தறியில் உட்கார்ந்திருப்பது அவர் மனைவி கமலவேணி. பிள்ளையார்பாளையத்தில் அந்த ஒற்றை அறையிலிருந்துதான் ‘கமலவேணி தறி’ என்ற இன்ஸ்டாகிராம் பக்கம் ஊர் உலகத்துக்கெல்லாம் பட்டுப்புடவை விற்கிறது. கமலவேணி நெய்வது கொஞ்சம், அக்கம்பக்கத்துத் தறிகளில் பரமசிவம் பேசி வாங்குவது மீதி. வியாபாரம் நன்றாகவே நடக்கிறது. அந்தப் பக்கத்தைப் பார்க்கிறவர்களைப் பொறுத்தவரை பரமசிவம் இறந்துபோய் ஒரு வருஷம் ஆகப்போகிறது.

எப்படி இறந்தார் என்பதற்கு முன் எப்படிப் பிழைத்தார் என்று சொல்ல வேண்டும்.

அவருடைய தொழில் வண்டி பிடிப்பது. கல்யாணக் கூட்டத்தை ஏற்றிக்கொண்டு வெளியூர் வேன் எந்த இடத்தில் வேகம் குறைக்குமோ அந்த இடத்தில் நிற்பார். கண்ணாடி இறங்குவதற்குள் கூடவே நாலு எட்டு ஓடி, “சார், கடைக்குப் போவாதீங்க. தறியிலேயே காட்றேன், வாங்க” என்பார். கூட்டிப் போவது கடைக்குத்தான். கடைக்குப் பின்கட்டில் பார்வைக்கென்று ஒரு தறி போட்டிருப்பார்கள். கமிஷன் அவருக்கு. தெலுங்கில் கூப்பிடுவார், கன்னடத்தில் விலை சொல்லுவார். ஒருமுறை ஆந்திர வண்டி என்று நினைத்து, வடக்கிலிருந்து வந்த ஒரு குடும்பத்தை “ரண்டி, ரண்டி அம்மா” என்று வாய் நிறைய வரவேற்று, அந்தக் குடும்பத்துப் பெரியவரிடம் கன்னத்தில் வாங்கிக்கொண்டார். தெலுங்கில் வாங்க என்று அர்த்தம்; இந்தியில் அது எந்தப் பெண்ணையும் சொல்லக்கூடாத சொல். “வார்த்த அதேதாம்பா. ஊரு மாறுனா அர்த்தம் மாறிப்பூடுது” என்று கன்னத்தைத் தடவிக்கொண்டே சிரிப்பார். இன்றுவரை சொல்லிச் சிரிக்கிற கதைதான் அது. அதிலிருந்து அவர் கற்றுக்கொண்டது என்ன என்பதைத்தான் இப்போது யாரும் அவரிடம் கேட்பதில்லை.

வண்டிகள் நிற்கும் இடம் மாறிக்கொண்டே இருந்தது. முதலில் ஏகாம்பரநாதர் கோயில் பக்கம். ஒருவழிப்பாதை வந்ததும் காந்தி ரோட்டு முனை. நெடுஞ்சாலை பெரிதானதும் அவர் திருப்புட்குழி திருப்பத்து டீக்கடைக்கே போய் நின்றார். கூடத் தொழில் செய்தவர்கள் பழைய இடத்திலேயே நின்று போலீஸைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். “வண்டி நிக்கிற எடத்துல நாம நிக்கணும். நாம நிக்கிற எடத்துல வண்டி நிக்காது” என்பது பரமசிவம் சொல்லிச் சொல்லித் தேய்ந்த வாக்கியம்.

பிறகு கண்ணாடிகள் இறங்குவது நின்றுபோனது. போனிலேயே வழி தெரிய ஆரம்பித்துவிட்டது. “உள்ள ஒரு பொம்பள கொரலு, லெஃப்ட்ல திரும்பு, ரைட்ல திரும்புன்னு சொல்லிக்கினே வருது. நம்ம பொழப்ப அவ எடுத்துக்கினா” என்றார். இரண்டு நாள் டீக்கடையில் சும்மா உட்கார்ந்து பார்த்துவிட்டு, வண்டியெல்லாம் இனி போனுக்குள்தான் நிற்கும் என்று முடிவுசெய்து, ஒலிமுகமதுபேட்டையில் செல்போன் கடை வைத்திருக்கும் அயாஸிடம் போனார். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. ஒருவரை ஒருவர் கிண்டல் செய்யாமல் ஒரு டீ குடித்ததில்லை.

“இன்னா பாய், இதுக்குள்ள எப்படி எறங்கறது?”

“எறங்கறது ஈஸி. ஏறி வர்றதுதான் கஷ்டம்” என்றார் அயாஸ்.

ஃபேஸ்புக்குக்காக மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் புடவையை விரித்துப் போட்டுப் படம் எடுத்தார். கொஞ்ச காலம் வண்டிகள் அங்கே நின்றன. பிறகு காசு கட்டினால்தான் படம் நாலு பேர் கண்ணில் படும் என்ற நிலை வந்தது. வாட்ஸ்அப்பில் குழு ஆரம்பித்தார். விடிந்ததும் பிள்ளையார் படத்தோடு ஒரு புடவை, சாப்பாட்டு வேளைக்கு ஒன்று, படுக்கப்போகும்போது ஒன்று. ஆட்கள் கும்பலாக வெளியேறினார்கள். யார் யார் வெளியேறினார்கள் என்று வரிசையாகத் தெரிந்ததுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. “கடைக்கு வந்துட்டு வாங்காம போறவன் கூட, கத்திட்டா போறான்?” டிக்டாக்கில் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு ஆடினார். தெருவே சிரித்தது, எங்கேயோ இருந்தவர்கள் புடவை கேட்டார்கள். ஒரு நாள் சாயங்காலம் அரசாங்கம் அதைத் தடைசெய்தது. அணைந்துபோன கட்டத்தை விரலால் அழுத்தி அழுத்திப் பார்த்தார். “ஒரு கடைய சாத்துனா கூட எதிர்த்த கடையில சொல்லிட்டுப் போவாங்க. சேத்து வெச்ச ஜனமெல்லாம் எங்கபா போச்சு?”

அழுதுகொண்டிருக்கிற ஆள் இல்லை அவர். அடுத்த வாரமே இன்ஸ்டாகிராமில் நின்றார். அங்கேயும் அயாஸ்தான் வானிலை அறிக்கை. நிற்கிற படம் ஓடவில்லை, நகர்கிற படம் எடு. பாட்டு வேண்டும். பாட்டு வேண்டாம், பேச்சு வேண்டும். ஆம்பிளைப் பேச்சு வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் பரமசிவம் தலையாட்டினார், ஒவ்வொன்றையும் செய்தார். ஊரில் பெரிய கடைக்காரர்கள் சென்னையிலிருந்து ஆள் வைத்துச் செய்கிற வேலையை, கீறல் விழுந்த ஒரு போனில் தனியாகச் செய்தார். அந்தத் திறமையை யாரும் மறுக்க முடியாது.

“மொத மூணு செகண்டுல ஆளப் புடிக்கணும்பா” என்றார் அயாஸ் ஒருநாள். “பொடவய எவன் பாக்கறான்? கத பாக்கறான்.”

“பொடவைக்கு ஏதுபா கத?”

“நெய்யறவங்களுக்கு இருக்குமில்ல.”

அப்படித்தான் கமலவேணி படத்துக்குள் வந்தார்.

அன்று காலை தறியில் புடவை முடிந்திருந்தது. நெய்து முடித்த புடவையைத் தறியிலிருந்து வெட்டி எடுப்பதை இந்த ஊரில் அறுப்பது என்பார்கள். அதில் அபசகுனம் ஒன்றும் இல்லை. அறுக்கிற நாள் கூலி வருகிற நாள். சில வீடுகளில் அன்றைக்குக் கேசரி கிண்டுவதும் உண்டு. அடுத்த புடவைக்கான பாவு நூல் இன்னும் வந்து சேராததால், அறுத்த பிறகு தறி வெறுமையாக நின்றது. பரமசிவம் போனை நீட்டி, “இன்னா கமலா, பொடவ முடிஞ்சுதா?” என்று கேட்டார். கமலவேணி தறியில் உட்கார்ந்தபடியே சொன்னார்: “காலையிலதான் அறுத்தாச்சு. வூடே வெறிச்சுன்னு கெடக்குது. சத்தமே இல்ல. கை ஓடல. இன்னா பண்றது, பழகிக்கணும்.”

பட்டில் கீறல் விழும் என்று தறியில் உட்காருகிறபோது அவர் வளையல் போடுவதில்லை. தாலிச் சரடு ஜரிகையில் மாட்டும் என்று ரவிக்கைக்குள் போட்டுக்கொள்வார். ஒட்டுப் பொட்டை வியர்வை உதிர்த்துவிடும் என்று எடுத்துத் தறி மரத்தில் ஒட்டிவைத்திருப்பார். முதல் மூன்று செகண்டில் ஆளைப் பிடிக்க வேண்டும் என்பதற்காகப் பரமசிவம் தன் கேள்வியை வெட்டினார். மிஞ்சியது, வெறுங்கையும் வெறும் நெற்றியுமாக ஒரு பெண், “காலையிலதான் அறுத்தாச்சு” என்று சொல்வது.

வெளியூரில் ஒரு பெண் அறுத்தாச்சு என்று சொன்னால் நெசவை நினைக்கமாட்டார்கள்.

சாயங்காலத்துக்குள் அந்தப் படம் அவர் ஆடிய ஆட்டமெல்லாம் சேர்ந்து போகாத தூரம் போயிருந்தது. ‘தாலியறுத்த அன்றைக்கே தறியில் உட்காருகிறாரே.’ ‘எத்தனை வலி இருந்தால் இவ்வளவு சாதாரணமாகச் சொல்வார்.’ ‘அம்மா, நாங்கள் இருக்கிறோம்.’ யாரோ ஒருவர், ‘கல்யாணப் புடவை இவர் கையில் வாங்கலாமா?’ என்று கேட்டிருந்தார். அவரை நூறு பேர் சேர்ந்து திட்டியிருந்தார்கள். திட்டியவர்கள் பிடிவாதமாகப் புடவையும் கேட்டிருந்தார்கள்.

பரமசிவம் விழுந்து விழுந்து சிரித்தார். கமலவேணியைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டினார். கமலவேணியும் சிரித்தார். “பொடவ அறுக்கறதும் தாலி அறுக்கறதும் ஒண்ணா? மொதல்ல ஒரு பதில் போடுங்க. எங்க வூட்டுக்காரரு குத்துக்கல்லாட்டம் ஒக்காந்துக்கினு இருக்காருன்னு போடுங்க.”

‘அது புடவைங்க’ என்று பரமசிவம் தட்டச்சுகூடச் செய்தார். அனுப்பும் குறிக்கு மேல் கட்டைவிரல் நிற்கும்போது, மேலே இன்னொரு செய்தி வந்து விழுந்தது. விழுந்துகொண்டே இருந்தது. கட்டைவிரலை எடுத்துவிட்டார். “அப்பறம் போடலாம்.”

அடுத்த படத்துக்கு அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். “பொட்டு வேணாம் கமலா. வேர்வையில விழுந்துடுச்சுன்னு வெச்சுக்கோயேன்.”

கமலவேணி அவரை நிமிர்ந்து பார்த்தார். “எதிர்க்கவே நின்னுக்கினு இதச் சொல்றீங்களே. வாய் கூசல?”

“நான் இன்னா பொய் சொன்னேன்? செத்துட்டான்னு எங்கனா எழுதனேனா? அவங்களா நெனச்சிக்கினா அதுக்கு நானா பொறுப்பு?”

அவர் வாதத்தில் பழுது இல்லை. ‘தறியிலேயே காட்றேன்’ என்று சொன்னதிலும் பழுது இருந்ததில்லை. கடைக்குப் பின்கட்டில் தறி இருக்கத்தான் செய்தது.

அன்றிலிருந்துதான் சட்டை ஆணியை விட்டு இறங்கியது, செருப்பு சாக்குக்கு அடியில் போனது. கூரியர் பையன் வீட்டுக்கு வந்து எடுத்துக்கொண்டிருந்த பார்சலைத் தானே கொண்டுபோய்ப் போட்டார். யாராவது போன் செய்தால் எடுப்பதில்லை; எழுத்தில்தான் பதில். எழுதுகிறபோது ‘நான் ஒரு நெசவாளிப் பெண்’ என்று எழுதப் பழகிக்கொண்டார். ஒருமுறை வாய் தவறி அயாஸிடமே, “காலையிலேர்ந்து இடுப்பு வலிக்குதுபா, தறியில ஒக்காந்து ஒக்காந்து” என்றார். வாழ்நாளில் ஒரு முழம் நெய்தவர் இல்லை அவர்.

அயாஸ் சிரிக்கவில்லை. டீக்கடைக்காரரிடம், “மவுத்தானவருக்கு ஒரு டீ, சக்கர கம்மியா” என்று மட்டும் சொன்னார். செத்தவருக்கு டீயா என்று சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். பரமசிவமும் சிரித்தார்.

“போதும்பா” என்றார் அயாஸ், டீ வந்த பிறகு. “இதுவும் மாறும். அடுத்த மாசம் அழுவாச்சி ஓடாது. அப்ப இன்னா பண்ணுவ? உன் வூட்டம்மாவக் கெணத்துல தள்ளி வீடியோ எடுப்பியா?”

“கத வேணும்னு சொன்னது நீதான பாய்.”

“நான் உன்னச் சாவச் சொல்லல.”

அவர்களுக்கு ஒரே மகள், கீர்த்தி. கோயம்புத்தூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். அம்மாவின் படத்தை அறைத்தோழிகள் காட்டித்தான் பார்த்தாள். படத்துக்குக் கீழே தன் பெயரிலேயே எழுதினாள்: ‘எங்கள் அப்பா உயிரோடு இருக்கிறார்.’ பரமசிவம் அதை நெடுநேரம் பார்த்தார். அதன்மேல் விரலை வைத்து அழுத்தினார். நீக்கவா என்று போன் கேட்டது. அவர் நீக்கினார்.

கீர்த்தி கூப்பிட்டாள். “நான் போட்டத யாருப்பா அழிச்சது?”

“அதுவா அழிஞ்சிருக்கும்மா. சில சமயம் அந்த மாரி ஆவுது.”

“இங்க என் ஃபிரெண்டுங்க எனக்கு ஆறுதல் சொல்றாங்கப்பா. தலையத் தடவிக் குடுக்கறாங்க. நான் இன்னா மூஞ்சி வெச்சுக்கணும்?” அவள் அழவில்லை. “நீங்களா வந்து அந்தப் பேஜ்ல மூஞ்சி காட்டுங்க. அதுவரைக்கும் நான் வூட்டுக்கு வரமாட்டேன்.”

தீபாவளிக்கு அவள் வரவில்லை. பொங்கலுக்கும் வரவில்லை. லீவு இல்லையாம் என்று பரமசிவம் தெருவில் சொன்னார். கமலவேணி அவர்மேல் சாதாரணமாகக் கோபப்படுவதைக்கூட நிறுத்திக்கொண்டார்.

போன மாசம் ஈரோட்டிலிருந்து மஹாலட்சுமி என்பவர் எழுதினார். அங்கே பெண்கள் சங்கம் ஒன்று நடத்துகிறவர். ஆண்டு விழாவுக்குச் சங்கத்துப் பெண்கள் எல்லாருக்கும் ஒரே மாதிரி புடவை எடுக்க வேண்டும், கணவரை இழந்து தன் காலில் நிற்கும் கமலவேணி அம்மாவிடம்தான் எடுப்பது என்று தீர்மானம் போட்டிருக்கிறார்கள், நேரில் வந்து பார்க்கிறோம் என்றார்.

பரமசிவம் இதைப் படித்துக் காட்டியபோது கமலவேணி தறியில் ஓடிக்கொண்டிருந்த நாடாவை நிறுத்தினார். “வரட்டும். அந்தம்மா வரும்போது நீங்க இங்க நில்லுங்க. நாந்தாம்மா இவ புருஷன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. அது கேட்டுட்டு வாங்குனா வாங்கட்டும், போனா போவட்டும். அப்படியே ஒரு போட்டோ எடுத்துப் போட்டா புள்ள வூட்டுக்கு வருவா.”

“சொல்றேன்.”

“என் தலையில அடிச்சுச் சொல்லுங்க.”

அடித்துச் சொன்னார். உண்மையாகத்தான் சொன்னார் என்று நம்பலாம். அவர்கள் வருகிற நாள் காலையில் நன்றாகச் சவரம் செய்துகொண்டார். ஆணியிலிருந்த சட்டையை எடுத்து, மடித்து வைக்காமல் போட்டுக்கொண்டார். செருப்பைச் சாக்குக்கு அடியிலிருந்து எடுத்து வாசற்படியில் ஜோடியாக விட்டார். கமலவேணி குளித்து, வளையல் அடுக்கி, தறி மரத்திலிருந்து பொட்டை எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டார். எடுத்த பொட்டு பசை காய்ந்திருந்ததால் விழுந்தது. குங்குமச் சிமிழைத் தேடி எடுத்து, பெரிதாகவே வைத்துக்கொண்டார்.

“நாந்தாம்மா பரமசிவம்” என்று பரமசிவம் கண்ணாடியைப் பார்த்து ஒருமுறை சொல்லிப் பார்த்தார்.

தெருமுனையில் வேன் திரும்பி வேகம் குறைத்தது. அவ்வளவுதான். செருப்பைக்கூடப் போடாமல் அவர் கால்கள் ஓட ஆரம்பித்துவிட்டன. வேனோடு கூடவே நாலு எட்டு ஓடினார். வெகுகாலத்துக்குப் பிறகு ஒரு கண்ணாடி இறங்கியது. “வாங்கம்மா, வாங்க வாங்க” என்றார் வாய் நிறைய.

உள்ளே ஒரு நடுத்தர வயது அம்மாள் கும்பிட்டார். “கமலவேணி அம்மா வீடுங்களா? நீங்க யாருங்க?”

பரமசிவத்தின் வாய் திறந்தது. வேனுக்குள் சங்கத்துப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவர் முகத்திலும் வாங்க வந்தவர்களின் சந்தோஷம். அந்த முகம் அவருக்குத் தெரியும். எந்தச் சொல்லில் அது அணையும் என்பதும் தெரியும்.

“நான் வழி காட்றவம்மா” என்றார். “அதோ, அந்த வூடுதான்.”

மஹாலட்சுமி இறங்கினார். கையில் பை, தோளில் பை, ஒரு வாழையிலைப் பொட்டலம். “கொஞ்சம் புடிங்கண்ணா” என்று பொட்டலத்தை அவரிடம் கொடுத்தார். இலை விரிந்து, உள்ளே சம்பங்கி மாலை தெரிந்தது. “பாவம், அவரு போட்டோவுக்குங்க. வெறுங்கையோட வரக்கூடாது பாருங்க.”

பரமசிவம் மாலையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு அவர்களுக்கு முன்னால் நடந்தார். தன் வீட்டு வாசலில், தன் செருப்பின் ஜோடிக்குப் பக்கத்தில், படியேறாமல் நின்றார்.

மஹாலட்சுமி உள்ளே போய்க் கமலவேணியின் கையைப் பிடித்துக்கொண்டார். நெற்றியைப் பார்த்தார், கண் கலங்கிவிட்டது. “பொட்டு வெச்சிருக்கீங்களே, அப்படித்தானுங்க இருக்கணும். எங்க சங்கத்துல இதத்தானுங்க நாங்க பாடுபட்டுச் சொல்லிட்டு இருக்கறோம். புருஷன் போனா பொட்டு எதுக்குப் போகணும்?” பின்னால் நின்ற பெண்கள் கை தட்டினார்கள்.

கமலவேணி அவர்கள் தோளுக்கு மேலாக வாசலைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார். ஒரு வார்த்தைக்குப் போதுமான நேரம் அது. ஒரு வார்த்தைக்கு மேலேயே போதும். பரமசிவம் மாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அண்ணன் போட்டோ எங்கம்மா இருக்குது?” என்றார் மஹாலட்சுமி.

கமலவேணி வாசலுக்கு வந்தார். பரமசிவத்தின் கையிலிருந்து மாலையை வாங்கினார். விரல்கூடப் படவில்லை.

“போட்டோ இல்லம்மா” என்றார். “அவரு சட்ட மாட்ற ஆணி இருக்குது.”

தறியைச் சுற்றிக்கொண்டு போய், வெறுமையாக இருந்த அந்த ஆணியில் மாலையை மாட்டினார். மாட்டிவிட்டு, அது கோணலாக இல்லாமல் இருக்கிறதா என்று பார்த்துச் சரிசெய்தார்.

சங்கத்துப் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். மஹாலட்சுமி போனை எடுத்து, கமலவேணியையும் தறியையும் ஆணியையும் சேர்த்துப் படம் பிடிக்க உயர்த்தினார். காலை வெயில் வாசல் வழியாக உள்ளே விழுந்துகொண்டிருந்தது. அதோடு ஓர் ஆணின் நீளமான நிழலும் தறிமேல் ஏறி, மாலைமேல் கிடந்தது.

யாரும் சொல்லாமலேயே பரமசிவம் ஓரடி தள்ளி நின்றார்.